ஊழியர் பிள்ளைக்கு உதவித்தொகை இல்லை

கல்லூரியில் எல்லோருக்கும் நான் மைக் அண்ணன். அதையே பெயராக எழுதிக்கொள்ளலாம். வயது நாற்பத்தாறு. கல்லூரிக்குப் பின்தெருவில், சலவைக் கடைக்கு மேல்மாடியில் மனைவியோடும் ஒரே மகளோடும் குடியிருக்கிறேன். கல்லூரி அரங்கத்தின் ஒலிபெருக்கிகள் பல வருடங்களாக என் பொறுப்பு. ஒப்பந்த வேலை.

என் மகள் பொது நுழைவுத் தேர்வு எழுதி, இந்த வருடம் இங்கே சேர்ந்தவர்களிலேயே அதிக மதிப்பெண் வாங்கினாள். முதல் மதிப்பெண்ணுக்கு முழுக் கட்டணமும் உதவித்தொகையாகக் கிடைக்கும் என்பது கல்லூரி விதி. அதை நம்பித்தான் சேர்த்தேன். அதன் பிறகு உதவித்தொகைப் பிரிவுக்குப் போனபோது அங்கிருந்த அம்மா, "உங்க பொண்ணு ஊழியர் பிள்ளை. உங்களுக்குத் தனியா பாதிக் கட்டணச் சலுகை இருக்கே. அதனால இது கிடையாது," என்றார். சரி, பாதியாவது ஆகட்டும் என்று மாடியிலுள்ள ஊழியர் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த குமாஸ்தா தலையைக்கூட நிமிர்த்தாமல், "நீங்க ஒப்பந்தத்துல இருக்கீங்கண்ணே. சலுகையெல்லாம் நிரந்தர ஊழியருக்குத்தான்," என்றார். அதன் பிறகு மறுபடியும் கீழே வந்தேன். "கம்ப்யூட்டர்ல ஊழியர்னுதானே வருது, நான் என்ன பண்றது?" என்றார் அந்த அம்மா. இப்படி மேலும் கீழுமாக என்னைப் பந்தாடினார்கள். மகளோ, "விடுங்கப்பா, நான் ஏதாவது வேலைக்குப் போறேன்," என்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்று பரிசளிப்பு விழா. மைக் போட்டதும் நான்தான். கல்லூரி முதல்வர், இரண்டாவதாக வந்த மாணவியை முதல் மதிப்பெண் என்று சொல்லி மேடைக்கு அழைத்தார். அந்தப் பெண்மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. உடனே மேடை மைக்கை அணைத்துவிட்டு, ஒலி அறையில் இருந்த மைக்கில், "முதல் மார்க் என் பொண்ணு! அவ பேரைக் கூப்பிடுங்க!" என்று சொன்னேன். கத்தினேன் என்று எழுதினாலும் சரி. கதவை உள்ளே தாழிட்டது உண்மை. அந்த அறையில் இருந்த ஸ்பீக்கரை நான் உடைக்கவில்லை. காவலாளி கதவை இடித்துத் திறந்தபோதுதான் அது விழுந்து உடைந்தது.

அதன் பிறகு கல்லூரி மேலாளர் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, தங்கள் முன்னிலையிலேயே, "இவன் இனிமே எங்க ஊழியரே இல்ல சார்," என்றார். மன்னிப்புக் கேட்டால் யோசிக்கலாம் என்றும் சொன்னார். நான் கேட்கவில்லை. அவர் சொன்னதைத் தேதியும் முத்திரையும் போட்டு எழுத்தில் வாங்கித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். நாளைக் காலையில் என் மகள் அதை எடுத்துக்கொண்டு உதவித்தொகைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
மைக் அண்ணன்