கூப்பிட்டால் வருவான்

பஸ் என்றாலே என் தம்பிக்கு ஆகாது. ஜமுனாமரத்தூரிலிருந்து மலை இறங்கும்போது வளைவுக்கு வளைவு வாந்தி எடுப்பான், கத்துவான், ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொள்வான். நீங்கள் கேட்டதற்குப் பதில் அங்கேதான் தொடங்குகிறது.

சின்னக்குழந்தை என்பது அப்பா வைத்த பெயர். முப்பது வயதிலும் பெயருக்கு ஏற்றபடியே இருந்தான். நான் ஆறு வயது மூத்தவள். அம்மா இறந்த வருடம், மாற்றுத்திறனாளி அட்டைக்காக அவனைத் திருப்பத்தூருக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. முன்பு ஒருமுறை அவன் செய்த ரகளையைக் கண்டக்டர் மறந்திருக்கவில்லை.

"இன்னாம்மா, மறுபடியுமா? அடுத்த தபா ஒரு மூடி பிராந்தி ஊத்திக் கூட்டியா. பஸ்ஸுக்கும் நல்லது, உனக்கும் நல்லது."

விளையாட்டாகத்தான் சொன்னார். அடுத்த முறை நான் பிராந்தியை இருமல் மருந்து மூடியில் அளந்து, ஆரஞ்சு கலர் சோடாவில் கலந்து கொடுத்தேன். தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தான். அன்றைக்குத்தான் அந்த வழியில் என்னென்ன மரம் இருக்கிறது என்று பார்த்தேன்.

எனக்குத் தையல் வேலை. கடைத்தெருவில் ஒரு கடையில் மெஷின் போட்டிருந்தேன். நான் போனால் அவன் வீட்டில் இருக்கமாட்டான். ரோட்டில் ஓடுவான், பிள்ளைகள் கல்லெறியும். அதனால் காலையில் ஒரு மூடி கலந்து கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வரும்போது பாயில் சுருண்டு கிடப்பான்.

"உன் தம்பி இப்ப தங்கமா கீறான்டி தமிழரசி," என்றாள் பக்கத்து வீட்டு மங்கம்மாள்.

ஒரு மூடி கொஞ்ச நாள்தான் கேட்டது. பிறகு டம்ளர். பிறகு அவனே தேடிப் போகக் கற்றுக்கொண்டான். சந்தையில் சாமை மூட்டை ஏற்றினால் அவனுக்குக் கூலி கொடுக்கமாட்டார்கள், ஊற்றித்தான் கொடுப்பார்கள். "ஆட்றா கொயந்த, இன்னொரு ரவுண்டு கீது," என்று சாவு மேளத்துக்கு முன்னால் ஆடவிட்டுச் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். லுங்கி நனைந்து வீட்டுக்கு வருவான். நான் கழுவிவிடுவேன். ஒருநாளும் அடித்ததில்லை.

அவனுக்குத் தெரிந்த விளையாட்டு ஒன்றே ஒன்று. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அம்மா அவனைப் பின்கட்டு அறையில் உட்கார வைப்பாள். "அக்கா கூப்ட்டாதான் வரணும்," என்பேன். வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கூப்பிட்டதும் ஜெயித்தவன் மாதிரி கைதட்டிக்கொண்டு வருவான். ஒருமுறை என்னைப் பெண்பார்க்க வந்தவர்கள் போனபிறகு கூப்பிட மறந்துவிட்டேன். மழை. ஓடு ஒழுகி முழுக்க நனைந்து, பல் கிட்டிப்போய், அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். அந்த வரனும் அமையவில்லை.

போன அக்டோபரில் டாஸ்மாக் கடை அடைத்த ஒரு நாள் அவனுக்குச் சரக்குக் கிடைக்கவில்லை. சாயங்காலம் வலிப்பு வந்தது. திருப்பத்தூரில் காட்டினேன். டாக்டர் அம்மா சின்ன வயசு, நிதானமாகப் பேசினார்.

"வூட்ல திடீர்னு நிறுத்திடாதீங்கம்மா. உயிருக்கே ஆபத்து. நிறுத்தணும்னா இங்க கொண்டாந்து சேருங்க, நாங்க மருந்து குடுத்து நிறுத்தறோம். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க," என்றேன். தம்பி சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைக் கேட்டவள் நான் ஒருத்திதான்.

விஜயராஜ் பலாப்பழ லோடு ஓட்டுகிறவர். மனைவியை இழந்தவர். தைக்கக் கொடுத்த சட்டையை வாங்க வந்தபோது, தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்: "குடிக்காத இருந்தான்னா, தம்பியும் நம்ம கூடவே இருக்கட்டுமே." நல்ல மனுஷர். அவர் கேட்டது நியாயம்தான். அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குணமாக்கியிருக்கலாம். குணமானால் அவனும் எங்களோடு வருவான். அவனுக்குச் சோறு ஊட்டி, கழுவிவிட்டு, அந்த வீட்டிலும் நான் அக்காவாகவே இருப்பேன். இதை நான் அன்றைக்கு இவ்வளவு தெளிவாக யோசிக்கவில்லை. இப்போது எழுதும்போது தெளிவாக இருக்கிறது.

பொங்கல் முடிந்ததும் பின்கட்டு அறையில் பாய் விரித்தேன். தண்ணீரும் கஞ்சியும் வைத்தேன். "கொயந்த, அக்கா கூப்ட்டாதான் வரணும்," என்றேன். பல நாளாக அவனோடு யாரும் விளையாடியதில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

கடை மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து முன்கட்டில் போட்டு உட்கார்ந்தேன். மத்தியானம் அவன் கேட்டான்: "அக்கா, கூப்ட்றியா?"

"இன்னும் இல்லடா."

மறுநாள் சுவரெல்லாம் எறும்பு என்றான். அம்மா வந்திருக்கிறாள் என்றான். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டு மங்கம்மாள் வந்தாள்.

"இன்னாடி சத்தம்?"

"குடிய நிறுத்தறேன்க்கா."

"நல்ல காரியம். இத முன்னயே செஞ்சிருக்கணும். மனசு எளகி தொறந்துடாத."

தெருவே பாராட்டியது. விஜயராஜ் அவனுக்கென்று பன் வாங்கி வந்து வாசலிலேயே என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் ரவிக்கைகள் தைத்தேன். மெஷின் ஓடும்போது வேறு சத்தம் அவ்வளவாகக் கேட்காது. நிறுத்தினால் கேட்கும். அதனால் அதிகம் தைத்தேன். அதற்கு அடுத்த நாள் நிறுத்தியபோதும் கேட்கவில்லை.

குடித்துக் குடித்துச் செத்தான் என்றது ஊர். ஸ்டேஷனிலிருந்து நீங்கள் வந்து அறைக் கதவைப் பார்த்தீர்கள். வெளிப்பக்கம் கொண்டியில்லை, பூட்டில்லை. தாழ்ப்பாள் உள்பக்கம், அதையும் அவன் போட்டிருக்கவில்லை. விரலால் தள்ளினாலே திறக்கும் கதவு. அடைத்து வைக்கவில்லை என்று நீங்களே எழுதிக்கொண்டு போனீர்கள். பூட்டாத கதவைத் தாண்டி அவன் ஏன் வரவில்லை என்று அன்றைக்கு நீங்கள் கேட்கவில்லை. இன்றைக்குத்தான் கேட்கிறீர்கள்.

டாக்டர் சொன்னது எனக்கு நினைவிருந்தது. ஒவ்வொரு முறை அவன் கேட்டபோதும் நினைவிருந்தது. நான் கூப்பிடவில்லை.

அறை வாசற்படிக்கு உள்பக்கமாக, அதன் அருகில்தான் கிடந்தான், ஒரு கை வாய்மேல் இருந்தது. குடிகாரன், பைத்தியம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆனால் அவ்வளவு நல்ல பிள்ளை இந்த மலையில் கிடையாது. நான் வளர்த்த பிள்ளை. கடைசி வரை என் பேச்சைத் தட்டவில்லை.