சிரிக்காமல் கேட்பதற்கு ஒத்திகை

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் பஸ். எனக்கு இடம் கிடைக்கவில்லை, நின்றுகொண்டே வந்தேன். பக்கத்துச் சீட்டில் இரண்டு பெண்கள். மடம் நடத்தும் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுப்பவர்கள் என்று பேச்சில் தெரிந்தது.

“சிரிக்காதக்கா. நாளைக்கு என்னை விசாரிக்கிற கமிட்டியில நீயும் உக்காரப் போற.”

“சரி, நீ பரீட்சையில கேட்ட கேள்வியப் படி.”

இளையவள் தாளை விரித்தாள். “டிக்கெட் எடுக்காமல் கோயிலுக்குள் போய், பாவம் தீரத் தங்கப் பல்லியைத் தொட்டவனுக்கு, டிக்கெட் எடுக்காத பாவமும் சேர்ந்து தீருமா? தர்க்கப்படி விளக்குக.”

பெரியவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இப்படித்தான் என் வேலை போவும். சாமியக் கிண்டல் பண்ணிட்டேன்னு மெமோ குடுத்துட்டாங்க. கிண்டல் இல்ல, தர்க்கப் பாடத்துக் கேள்விதான்னு பதில் எழுதியிருக்கேன். நீ சிரிச்சா கிண்டல்னு ஆயிடும்.”

“பசங்க என்னடி எழுதினாங்க?”

“பாவம் தீரும், ஆனா வெளிய வரும்போது செக்கிங் இருக்குதுன்னு ஒருத்தன்.”

“ஐயோ, நிறுத்துமா. மொதல்லேருந்து படி. நான் பழகிக்கினு வரேன்.”

வாலாஜாபாத் வருவதற்குள் ஐந்து தடவை படித்தாள். ஐந்தாவது தடவை பெரியவள் முகம் கல்லாக இருந்தது. படித்தவள்தான் பாதியில் சிரித்துவிட்டாள்.