பொட்டோடு வரலாமா?

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பேருந்து. முன் சீட்டில் இரண்டு பெண்கள், கழுத்தில் ஒரே ஷூ கம்பெனியின் அடையாள அட்டை. புர்கா போட்டவள் ஷகிலா. நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு வைத்தவள் செல்வி. நான் ஒட்டுக்கேட்கவில்லை, அவர்கள் மெதுவாகப் பேசவில்லை.

“உன் பொண்ணு கல்யாணத்துக்குப் பொட்டோட வரட்டா, இல்லாம வரட்டா? அத மட்டும் சொல்லுக்கா,” என்றாள் செல்வி.

“பொண்ணு பாக்க வந்த அன்னிக்கி இன்னாத்துக்கு இல்லாம வந்தே?”

“கம்பெனில மொகம் கழுவசொல்ல கண்ணாடில ஒட்டினேன். மறந்துட்டு நேரா உன் வீட்டுக்கு வந்துட்டேன். மாப்ள அம்மா உருதுல கேக்குறதுக்கெல்லாம் உன் பொண்ணு தமிழ்ல பதில் சொல்லுது. அவங்க மூஞ்சியே மாறிடுச்சி. நான் மசூதித் தெருவுல வளந்தவ, சும்மா இருக்க முடியல, உருதுல பேசிட்டேன்.”

“அதுல மயங்கித்தான் நீ பொண்ணுக்குக் காலாவா, அதான் சின்னம்மாவான்னு கேட்டாங்க. ஆமா, என் கூடப்பொறந்தவன்னு நானும் சொல்லிட்டேன். இப்பத் தெரிஞ்சா, பொய் சொல்லிப் பொண்ணு குடுத்தோம்னு ஆயிடும்.”

“அப்ப வேணாமா?”

பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும் ஷகிலா செல்வியின் பொட்டைப் பார்த்தாள்.

“வெச்சிக்கினே வா. வர்றது வரட்டும்.”

உடனே ஷகிலாவின் போன் அடித்தது. “மாப்ள அம்மாதான். காலாகிட்ட குடுன்னுவாங்க. நீயே பேசு.”

செல்வி பொட்டைப் பிய்த்து ஷகிலாவின் புறங்கையில் ஒட்டினாள். பிறகுதான் போனை வாங்கி, “அஸ்ஸலாமு அலைக்கும்” என்றாள்.

வீடியோ கால்கூட இல்லை, வெறும் போன்தான். பேசி முடிக்கும்வரை ஷகிலா அந்தக் கையை அசைக்கவில்லை.