ஏழு அண்ணன்களும் ஒரு தாளும்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, பசை காய்ச்சிக் காய்ச்சியே பார்வை மங்கிய பெரியவர்களே, டப்பா நிரப்பிய கைகளைத் துடைத்துக்கொண்டு நேரே இங்கு வந்திருக்கும் தாய்மார்களே, கடைசி வரிசையில் கதவோரம் அமர்ந்திருக்கும் கலவைத் தொழிலாளர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

"தொழில் ரகசியம் காப்பது எப்படி" என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறீர்கள். காத்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, தொலைத்தவளைத் தேடிப்பிடித்து மேடையேற்றியிருக்கிறீர்கள். சிரிக்கலாம், தவறில்லை. அழைப்பிதழைப் பார்த்து நானும் சிரித்தேன்.

என் அண்ணனும் நானும் செருப்பின் அடிப்பாகம் ஒட்டும் பசை செய்தோம். ஒரு தகரக் கூடம், ஒரு கொதிகலன், இருபத்தாறு பெண்கள். அவ்வளவுதான் எங்கள் சாம்ராஜ்யம். ஆனால் எங்கள் பசை ஒட்டினால் ஒட்டியதுதான். மழையில் பிரியாது, வெயிலில் இளகாது. ஏன் பிரியாது? எதனால் இளகாது? எந்தச் சூட்டில் எதைச் சேர்ப்பது, எத்தனை நிமிடம் ஆறவிடுவது என்ற இருபது எண்கள் ஒரே ஒரு தாளில் இருந்தன. அந்த இருபதைக் கண்டுபிடிக்க அண்ணனுக்குப் பதினோரு ஆண்டுகள் ஆயின. முன்கையில் தோல் போயிற்று. மூக்கில் வாசனை போயிற்று. கல்யாணப் பேச்சும் தள்ளித் தள்ளியே போயிற்று.

ஒருநாள் புதுக் கொதிகலன் செய்யச் சொல்ல வெளியூர் போனவர், சூட்டளவு வேண்டுமென்று என்னை அழைத்தார். "வாயால சொல்லும்மா, எழுதிக்கிறேன். எதுலயும் அனுப்பாத" என்றார். நான் படித்தவள் அல்லவா? இருபது எண்ணை வாயால் சொன்னால் தப்பாகிவிடும், படமெடுத்து அனுப்புகிறேன் என்றேன். தப்பு வரக்கூடாது என்றுதான் அனுப்பினேன், ஐயா. தப்பு வரக்கூடாது என்றுதான்.

செல்போனில் "அண்ணன்" என்று தட்டினேன். நம் மொழியின் பெருந்தன்மையைப் பாருங்கள்! லாரி ஓட்டுபவர் அண்ணன், மின்விசிறி மாட்டுபவர் அண்ணன், அடுத்த தெருவில் நமக்குப் போட்டியாகப் பசை காய்ச்சுபவரும் அண்ணன். என் செல்போனில் ஏழு அண்ணன்கள். உடன்பிறந்தவர் ஒருவர், மற்ற அறுவரும் மரியாதைக்குப் பிறந்தவர்கள். அன்று காலையில்தான் காலி டப்பா இரவல் கேட்டுப் போட்டிக்காரரிடம் பேசியிருந்தேன். கடைசியாகப் பேசியவர்தானே மேலே நிற்பார்? நின்றார். தொட்டேன். போயிற்று.

இருபது நிமிடம் கழித்து, இன்னும் வரவில்லையே என்று அண்ணன் அழைத்தபோதுதான் பார்த்தேன். படத்தின் அடியில் இரண்டு நீலக் குறிகள்.

உடனே அழித்தேன். போட்டிக்காரரை அழைத்துக் கெஞ்சினேன். "பாத்தேன்மா. என் போன்லயும் அழிச்சிட்டேன், நீ கவலப்படாத" என்றார். நல்ல மனிதர், அழித்துத்தான் இருப்பார். ஆனால் அவர் செல்போனில் விழும் ஒவ்வொரு படமும் தானாகவே அவர் அலுவலகக் கணினியில் போய் உட்காரும். அது அவருக்கே தெரியாது. அந்தக் கணினியை எத்தனை பேர் திறப்பார்கள்? கணக்கர் திறப்பார், கலவைக்காரர் திறப்பார், பழுது பார்க்க வருபவர் திறப்பார். ஐந்தாம் மாதம் கடைவீதியில் மூன்று பெயர்களில் மூன்று டப்பாக்கள். மூன்றிலும் எங்கள் பசை.

பாஸ்வேர்டு போடவில்லையா என்று அங்கே ஒருவர் கேட்கிறார். போட்டிருந்தேன், ஐயா. பூட்டு என் வீட்டில் இருந்தது, பொருள் அவர் வீட்டுக்குப் போய்விட்டது. மெயிலில் அனுப்பியிருக்கலாமா? "இது ரகசியம், தவறி வந்திருந்தால் படிக்காதீர்கள்" என்று அடியில் எழுதுகிறோமே, படித்து முடித்தவன் கண்ணில்தானே அது படும்?

காவல் நிலையம் போனேன். என்ன காணாமல் போயிற்று என்று கேட்டார் அதிகாரி. ஒரு தாள் என்றேன்.

"அந்தத் தாள் இப்ப எங்க இருக்கு?"

"எங்க அலமாரியிலதான் சார் இருக்கு."

அவர் பேனாவை மூடிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியுமா? வீட்டிலேயே இருக்கும் பொருளைத் திருட்டுப் போயிற்று என்று எந்தச் சட்டத்தில் எழுதுவது? தொட்டவன் யார்? தெரியாது. எடுத்தவன் யார்? தெரியாது. கொடுத்தவள் யார்? அது மட்டும் தெரியும்.

கூடம் மூடியாயிற்று. அண்ணன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அலமாரிச் சாவியை என் கையில் வைத்து, "இனிமே இதப் பூட்ட வேணாம்" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. பதினான்கு மாதங்கள் ஆகின்றன. இன்று அந்த மூன்று டப்பாக்களில் ஒன்றுக்கு, வேறொருவர் கூடத்தில், தன் பசையைத் தானே கூலிக்குக் கலக்குகிறார்.

கவனமாக இருங்கள் என்று சொல்லத்தான் என்னை அழைத்தீர்கள். எந்த வாயால் சொல்வேன்? நாளைக் காலை நீங்களும் அனுப்புவீர்கள். அவசரம் என்று அனுப்புவீர்கள், நம்மவர்தானே என்று அனுப்புவீர்கள், தப்பு வரக்கூடாது என்று அனுப்புவீர்கள். நானும் அனுப்புவேன். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுமில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் செய்துவிட்டு இறங்குகிறேன். அன்று விரல் தவறிய அந்தச் சொல்லை, இன்று ஆளை நேரில் பார்த்தே சொல்கிறேன்.

அண்ணா.

எத்தனை தலைகள் நிமிர்கின்றன, பாருங்கள். முதல் வரிசை நிமிர்கிறது, நடு வரிசை நிமிர்கிறது. இதோ, தலைவர்கூட நிமிர்கிறார். கதவோரம் ஒருவர் மட்டும் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இம்முறை சரியான ஆளுக்குத்தான் அனுப்பினேன். பொறுமையோடு கேட்ட அவைக்கு நன்றி. நிமிர்ந்த அண்ணன்கள் அனைவருக்கும், நிமிராத ஒருவருக்கும் என் வணக்கம்.