சனிக்கிழமை ஜெனரேட்டர்

— அப்ப ஃபாரெஸ் வரல. அதானே போன்ல சொன்னான்?

— உன் தம்பி அழாத குறை, லோரெட். மான்ட்ரியல்ல பொண்டாட்டிக்கு ஆபரேஷன். அவள விட்டுட்டு வந்து அக்காவோட பனியில ஆடுன்னு சொல்ல முடியுமா?

— நான் யாரையும் குறை சொல்லல. அவ நல்லபடியா எழுந்து நடமாடட்டும். நீ அர்ஸ் மலை ஹோட்டலுக்குப் போன் போட்டு ரூம் வேண்டாம்னு சொல்லிடு, நஸ்ரி. இந்த வருஷம் பனி நமக்கு இல்ல.

— ரூம் வேண்டாம்னு சொல்லிடறேன். ஆனா பனிக்குப் போறோம். லக்லூக் போறோம்.

— எங்க?

— லக்லூக்.

— பிள்ளைங்க பிளாஸ்டிக் தட்டுல உக்காந்து வழுக்கிட்டு வருமே, அந்த மேடா?

— மேடுன்னு சொல்லாத. மலைதான். நம்ம ஜுபெய்ல்ல இருந்து வண்டிய எடுத்தா ஒரு மணி நேரம். கூட்டம் கிடையாது. மேல ஒரு அம்மா ஸஅத்தர் பொடி தடவி ரொட்டி சுட்டுத் தர்றாங்க பாரு, விரலையும் சேர்த்துத் தின்னுடலாம்.

— ரொட்டி நம்ம தெருமுனையிலயே கெடைக்கும். கேட்டுக்கோ, நான் பாவாடை கட்டின வயசுலயே அர்ஸ் உச்சியில இருந்து பனிச்சறுக்குப் பலகையில இறங்கினவ. என்னைக் கொண்டுபோய் தட்டுப் பிள்ளைங்களோட விடப் பாக்குற.

— அப்படி இல்ல…

— போன வருஷம் நீ கீழ நின்னு பாத்தல்ல? ஃபாரெஸ் எனக்குப் பின்னாடியே வந்தான். வலது, இடது, நேரா, நில்லுன்னு கத்திட்டே வந்தான். அவன் குரல் சொன்ன பக்கம் நான் திரும்பினேன். பார்வை போனதுக்கு அப்புறம் முதல் தடவையா ஒருத்தர் கையையும் பிடிக்காம, தடி தட்டாம, காத்து மூஞ்சில அறைய இறங்கினேன். அன்னிக்குத்தான் நான் பழைய லோரெட் மாதிரி இருந்தேன். இப்ப நீ என்ன பண்ணுவ? ஜன்னலோரமா ஒரு நாற்காலியில உக்கார வெச்சு, கையில சூடா ஸஹ்லப் பால் கிளாஸைக் குடுத்து, ‘ஆகா, பனி என்னமா மின்னுது பாரு’ன்னு எனக்கே கதை சொல்லுவ. எனக்கு வேண்டாம்.

— உக்கார வெக்கவா அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போறேன்?

— வேற எதுக்கு? உனக்கும் பனிக்கும் என்னய்யா சம்பந்தம்? கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் மேல இருந்து இறங்குவேன், நீ கீழ கடையில பகடை உருட்டிட்டு இருப்ப. துறைமுகத்துல பொறந்தவனுக்கு ஐஸு அரக் கிளாஸுக்குள்ள இருந்தாப் போதும்னு சொன்னது யாரு? நீதானே?

— சொன்னேன். வாய்க்கொழுப்பு.

— சரி, பனிதான் வேணும்னா ஃபாராயா போலாம். அது பேர் சொல்ற மலை.

— ஃபாராயா வேண்டாம். பெய்ரூட் பணக்காரப் பிள்ளைங்க போன்ல படம் புடிச்சுக்கிட்டே வந்து மேல மோதும்.

— அப்ப அர்ஸே போவோம். நான் வளர்ந்த மலை. சும்மா அந்தக் காத்தையாவது மூஞ்சில வாங்கிட்டு வர்றேன்.

— அர்ஸ் செங்குத்து. அதுவும் காலையில பனி இறுகிப் போய்க் கெடக்கும். பலகையோட ஓரம் பனியில கடிக்காது.

— என்னது?

— என்ன?

— பலகையோட ஓரம் கடிக்காதா? படகு மோட்டாரு ரிப்பேர் பண்றவனுக்கு அதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?

— உன் தம்பிதான். போன வருஷம்.

— என் தம்பி உன்கிட்ட பலகையப் பத்திப் பேசினான்! நீங்க ரெண்டு பேரும் சேந்தா மீனையும் அரக்கையும் தவிர வேற பேசி நான் கேட்டதில்ல. கிட்ட வா.

— எதுக்கு?

— வான்னா வா. குனி. மூக்கு ஏன் இப்படித் தோலுரிஞ்சு கெடக்கு?

— வெயில்.

— பிப்ரவரியில எந்த வெயில்? சனிக்கிழமையானா உன் அண்ணன் பூத்ரோஸ் வீட்டு ஜெனரேட்டரப் பாக்க எஹ்மெஜ் போற. போனவன் நொண்டிக்கிட்டு வர்ற. கழுத்துல வெயில் கிரீம் வாசனை. ஜெனரேட்டர் ரூம்ல சூரியன் அடிக்குதா?

— ஏணியில இருந்து வழுக்கிட்டேன். அதான் நொண்டல். கிரீம்… அண்ணி வீட்டுல இருந்துச்சு, எடுத்துப் பூசினேன்.

— தூக்கத்துல வேற ‘இடது, இடது, மெதுவா’ன்னு புலம்புற.

— படகைக் கரையேத்துற மாதிரி கனவு. கேளு, என் கண்…

— நிறுத்திட்ட பாத்தியா. இப்ப நிறுத்தினியே, அது என்ன?

— ஒண்ணும் இல்ல.

— ‘என் கண்ணே’ன்னு வந்துச்சு. முழுங்கிட்ட. காய்க்கடை ஜிர்ஜிஸ் என்னைப் பாத்தா ‘என் கண்ணே, வெள்ளரிக்கா புதுசு’ங்கிறான். பஸ் டிரைவர் ‘பாத்து ஏறு, கண்ணே’ங்கிறான். நம்ம ஊருல கழுதையக் கூட அப்படித்தான் கூப்பிடுறாங்க. நீ ஒருத்தன்தான் என் பார்வை போன நாள்ல இருந்து அந்த வார்த்தையத் தொடல.

— வாய் வரைக்கும் வரும், லோரெட். சொன்னா உனக்குச் சுருக்குனு குத்துமோன்னு பயந்துட்டு உள்ள தள்ளிடுவேன்.

— குத்தாது. நீ அப்படிக் கூப்பிடாம எனக்கு வீடே வெறிச்சுனு இருக்கு. போகட்டும், பேச்ச மாத்தாத. ஜெனரேட்டர் என்ன ஆச்சு?

— இன்னும் ஒரு பாகம் வரணும். புனித ஷர்பெல் மேல சத்தியமா…

— அவர் கல்லறையத் தாண்டித்தானே எஹ்மெஜ் போற? அவர ஏன் வீணா இழுக்குற? கேட்டுக்கோ, டிசம்பர்ல பர்பாரா பண்டிகைக்கு உன் அண்ணி ஜோசபினும் நானும் சேந்துதான் கோதுமை வேக வெச்சோம். கிளறிக்கிட்டே சொன்னா. கூரையில சோலார் தகடு போட்டாச்சாம், அந்தப் பழைய ஜெனரேட்டர அப்பவே வித்துட்டாங்களாம்.

— அண்ணி சொல்லிட்டாங்களா?

— இல்லாத ஜெனரேட்டர நீ குளிர்காலம் பூரா ரிப்பேர் பண்ணிட்டு இருக்க. நானும் ஒரு வார்த்தை கேக்கல. நாமதான் கண்ணு தெரியாதவளாச்சே, இவனுக்கு வேற யாராவது கெடச்சிருப்பாளோன்னு கூட ஒரு ராத்திரி நெனச்சேன். நெனச்சுட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டேன்.

— ஐயோ, லோரெட்! அப்படியா நெனச்ச?

— பின்ன எப்படி நெனைக்கிறது? எங்கதான் போற?

— லக்லூக் போறேன்.

— அங்க யாரு?

— யாரும் இல்ல. உனக்குப் பின்னாடி வந்து கத்துறதுக்கு ஒரு ஆளத் தயார் பண்ணிட்டு இருந்தேன்.

— ஆளையா? ஃபாரெஸ் வர்றேன்னு சொல்லியிருந்தப்பவேவா?

— ஃபாரெஸ் வருஷத்துக்கு ஒரு தடவ வருவான், நாலு நாள் இருப்பான். மிச்ச குளிர்காலம் பூரா நீ ஜன்னலத் திறந்து வெச்சுக்கிட்டு மலைப் பக்கமா முகத்தக் காட்டி நிக்கிற. நான் கீழ மோட்டாரைக் கழட்டிக்கிட்டே உன்னைப் பாத்துட்டு இருப்பேன். தாங்கல. அதான்.

— நீ நல்லவன், நஸ்ரி. சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சுக்கோ. ஆனா கூலிக்கு வர்றவன நம்பி நான் ஒரு அடி கூட இறங்க மாட்டேன்.

— ஏன்?

— ஃபாரெஸ் குரல்ல பயம் முதல்ல வரும், வார்த்தை அப்புறம்தான் வரும். பள்ளம் இருக்குன்னு அவன் சொல்றதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சிடும். நான் விழுந்தா தனக்கு வலிக்கும்னு நெனைக்கிறவன் குரல்தான் அப்படி இருக்கும். காசு வாங்குறவனுக்கு ஏன் வலிக்கணும்?

— இவனுக்கு வலிக்கும்.

— யாரு சொன்னா?

— எனக்குத் தெரியும். ஆனா ஒண்ணு, ஆள் கொஞ்சம் புதுசு. உன் வேகத்துக்கு வர முடியாது. அவனுக்காக நீதான் மெதுவா இறங்கணும்.

— நல்லா இருக்கே! குருடிக்கு வழி சொல்ல வர்றவனுக்குக் குருடி காத்துட்டு இருக்கணுமா? அவன் எந்த ஊர்க்காரன்?

— இந்தப் பக்கம்தான். திருப்பத்துல மட்டும் கொஞ்சம் தடுமாறுவான். குரல் நல்லாக் கேக்கும். நடுக்கடல்ல மோட்டார் சத்தத்துக்கு மேல கத்திப் பழகின குரல்.

— …நஸ்ரி.

— ம்.

— கையக் குடு. ஏன் இழுத்துக்கிற?

— குளிரு.

— அடுப்புக்கிட்ட உக்காந்துட்டுக் குளிராம். கேட்டுக்கோ, இப்ப ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், ஷர்பெல் சாமிய இழுக்காம பதில் சொல்லு. அர்ஸ் இருக்கு, ஃபாராயா இருக்கு, நாட்டுல இத்தனை மலை இருக்கு. அந்த லக்லூக்கையே ஏன் பிடிச்சுத் தொங்குற?

— ஏன்னா, என் கண்ணே, விழாம இறங்க எனக்குத் தெரிஞ்ச மலை அது ஒண்ணுதான்.