பேட்டரி வண்டி

பல்லடம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தவர் பனியன் கம்பெனியில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர். பக்கத்திலிருந்த பெரியவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“டீசல் வண்டியா, பேட்டரி வண்டியான்னு மொதலாளி என்னையத்தானுங்க கேட்டாரு. டீசல் பொகையில வெள்ளைத் துணி கறுத்துப் போகும், பேட்டரியே வாங்குங்கன்னேன்.”

“நெசந்தானே கண்ணு?”

“நெசந்தானுங்க. ஆனா பேட்டரி எட்டு மணி நேரம் சார்ஜ்ல நிக்கோணும். ரெண்டாவது ஷிப்டு ஓட்ட முடியாது. பாப்பா முழிச்சிருக்கறப்பவே ஊட்டுக்குப் போயிரலாம்னு நெனச்சேனுங்க.”

“போனயா?”

“ஒரு வாரம் போனேனுங்க. பஸ் சத்தம் கேட்டதும் பாப்பா வாசலுக்கு ஓடியாந்துருமுங்க.”

அவரே தொடர்ந்தார்.

“நேத்து மொதலாளி இன்னொரு பேட்டரி வாங்கிட்டாருங்க. ஒண்ணு சார்ஜ் ஏறயில இன்னொண்ணைப் போட்டு ரெண்டாவது ஷிப்டும் ஓட்டச் சொல்றாரு.”