வெள்ளரிக்காய்க்கு ஒரு டோக்கன்

"எனக்கு வெள்ளரிக்காயப் பாத்தாலே பயமா இருக்குதுங்க்கா."

பல்லடம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் பனியன் கம்பெனியில் தைக்கும் பெண்கள் இருவர். மூத்தவள் பிஞ்சைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி நீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏங்கண்ணு, உடம்புக்குக் குளிர்ச்சிதானே?"

"அதையேதானுங்க்கா எங்க மொதலாளியும் சொன்னாரு. சூட்டுக்கு நல்லது, பூராவும் தண்ணிச்சத்துன்னு டீயை நிறுத்திட்டு ஆளுக்கு ரண்டு வெள்ளரிக்கா தர்றாரு."

"நல்ல மனுசன்."

"ஆனா பாத்ரூம் போறதுக்கு முப்பது பேருக்கு ஒரே டோக்கன்தானுங்க்கா. ஒருத்தி வந்தாத்தான் அடுத்தவ போக முடியும்."

"அவருகிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னமுங்க. மெதுவா மென்னு தின்னுங்கன்னாரு."

"அவரும் அதத்தான் திங்கறாரா?"

"அவரு ரூமுக்குள்ளயே பாத்ரூம் இருக்குதுங்க்கா. ஆனா அவருக்கு வெள்ளரிக்கா புடிக்காதாம்."